பலூனின் வருகைப் பதிவேடு

அல்சூர் ஏரியைச் சுற்றி மாலையில் நடக்கும் எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர். நான் கணக்குத் தணிக்கையில் இருந்து ஓய்வு பெற்றவன். மற்ற நால்வரில் இருவர் முப்பது வருடம் என்ன வேலை பார்த்தார்கள் என்பது அவர்கள் வீட்டாருக்கே சரியாகத் தெரியாது. கேட்டால் "எலெக்ட்ரானிக்ஸ்" என்று சொல்லிவிட்டுக் காபிக்குப் பேச்சை மாற்றிவிடுவார்கள். பெங்களூரில் தமிழர்கள் நடைப்பயிற்சிக்குப் போகும் எந்தக் குழுவிலும் இப்படி ஒருவராவது இருப்பார். ராணுவ ரேடார் தொழிற்சாலைக்கு ஜாலஹள்ளியும், ஆய்வகங்களுக்குச் சி.வி.ராமன் நகரும் இருக்கிற ஊர் அல்லவா.

2025 மே 8 இரவு, மேற்கு எல்லையில் 36 இடங்களை நோக்கி 300 முதல் 400 ட்ரோன்கள் வரை அனுப்பப்பட்டன என்று அரசு அறிவித்ததே, அதற்கு மறுநாள் மாலை ஒரு வாதம் தொடங்கியது. "ஆயிரக்கணக்கான கோடி கொடுத்து ரேடார் விமானம் வாங்குவதற்குப் பதில், பெரிய பலூன் ஒன்றில் ரேடாரைக் கட்டி மேலே விட்டால் போதாதா?" என்று கேட்டார் ஒருவர். எலெக்ட்ரானிக்ஸ்காரர்களில் ஒருவர் சிரித்தார். "சார், பட்டம் விட்டுப் பார்த்திருக்கிறீர்களா?" என்றார். அந்த வாதம் இன்னும் ஏரியைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. யாரும் ஜெயிக்காததால், எனக்குத் தெரிந்த முறையில் நானே ஒரு தணிக்கை செய்து பார்த்தேன். தணிக்கைக்காரன் விலைப்பட்டியலை முதலில் திறக்கமாட்டான். வருகைப் பதிவேட்டைத்தான் கேட்பான்.

பதிவேட்டுக்கு முன் ஒரு கணக்கு. ரேடார் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது, பூமியோ வளைந்திருக்கிறது. ஆன்டெனா நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால், தொடுவானம் எத்தனை கி.மீ. தள்ளி இருக்கிறது என்பது கிடைக்கும். எதிரே வரும் பொருளின் உயரத்துக்கும் இதையே செய்து இரண்டையும் கூட்ட வேண்டும். தரையில் இருந்து 100 மீட்டர் உயரத்தில் ஓர் ஏவுகணை வருகிறது என்று வையுங்கள். அதன் பங்கு 41 கி.மீ. நம் ரேடார் 25 மீட்டர் கம்பத்தில் இருந்தால் அதன் பங்கு 21 கி.மீ. ஆக, எவ்வளவு சக்திவாய்ந்த ரேடாராக இருந்தாலும் 62 கி.மீட்டருக்கு அப்பால் அந்த ஏவுகணை அதற்குக் கிடையாது. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் கையில் இருப்பது நான்கு நிமிடம். தேநீர் ஆறுவதற்குள் வந்துவிடும்.

அதே ரேடாரை 3,000 மீட்டரில் தொங்கவிட்டால் 267 கி.மீ. தெரியும், கிட்டத்தட்ட பதினெட்டு நிமிடம். 9,000 மீட்டரில் பறக்கும் விமானத்தில் வைத்தால் 430 கி.மீட்டருக்கு மேல். ஆகவே இங்கே விலைக்கு வருவது உயரம்தான். தரை, குன்று, பலூன், விமானம் என நான்கு கடைகளில் அதை விற்கிறார்கள்.

இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வர்க்கமூலம் என்பதால் முதல் 1,000 மீட்டர் ஏறினால் 130 கி.மீ. கிடைக்கிறது. ஆனால் 3,000-இல் இருந்து 4,000-க்கு ஏறினால் கூடுதலாகக் கிடைப்பது 35 கி.மீ. மட்டுமே. முதல் கிலோமீட்டர்தான் மலிவான கிலோமீட்டர். பெரிய பலூனா, சிறிய பலூன்கள் பலவா என்ற கேள்வி பின்னால் வரும்போது இதை மறந்துவிட வேண்டாம்.

தரை ரேடாரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் வருகைப் பதிவேடு நன்றாக இருக்கும். மழை, காற்று, இரவு எதற்கும் விடுப்புக் கேட்காது. பெங்களூரில் உள்ள, அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் ரேடார் ஆய்வகம் இந்த வகையில் ரோகிணி, அஸ்லேஷா, பரணி என்று நட்சத்திரப் பெயர்களிலேயே ஒரு வரிசையை உருவாக்கியிருக்கிறது. பரணியை மலைப்பகுதியில் தூக்கிச் செல்லலாம். குறை பார்வைத் தூரம்தான். தாழப் பறக்கும் பொருளுக்கு எதிராக நீண்ட எல்லையை அடைக்க வேண்டுமானால் சங்கிலிபோல் வரிசையாக நட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆள், மின்சாரம், காவல். அறுபது கி.மீட்டருக்கு ஒன்று என்று மேற்கு எல்லை முழுவதும் நட்டுக் கூட்டிப் பாருங்கள், பலூன் விலை மலிவாகத் தெரியும்.

குன்றை யாரும் பேச்சில் எடுப்பதில்லை. நந்தி மலை கடல் மட்டத்தில் இருந்து 1,478 மீட்டர். சுற்றியுள்ள சமவெளியே 900 மீட்டருக்கு மேல் இருப்பதால், நிகர லாபம் 550 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே ஒரு ரேடார் நின்றால் நம் 100 மீட்டர் ஏவுகணையை 138 கி.மீ. தூரத்தில் பார்க்கும். இந்த உயரத்துக்கு ஹீலியம் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். இயற்கை இலவசமாகக் கொடுத்தது. ஆனால் குன்று நமக்கு வேண்டிய இடத்தில் இருக்காது. ஜெய்சல்மேர் பக்கம் மணல்மேட்டைத்தான் காட்டுவார்கள். கட்ச் ரண்ணின் உப்புப் பரப்பில் அதுவும் இல்லை. இமயத்திலோ மலை அளவுக்கு மேல் இருக்கிறது. ஒரு முகட்டில் ஏறி நின்றால் அடுத்த முகட்டின் நிழலில் இருக்கும் பள்ளத்தாக்கு தெரியாது. அங்கே தரைமட்டமே நாலாயிரம் மீட்டர் என்கிறபோது மெலிந்த காற்றில் பலூனுக்கும் தூக்கும் சக்தி குறைந்துவிடும். இமயத்துக்கு விமானமும் முகட்டு ரேடாரும்தான் பொருத்தம் என்பதில் எங்கள் ஐந்து பேருக்குள் சண்டையே வரவில்லை.

விமானம் என்றதும் எனக்கு நினைவு வருவது அரக்கோணம். சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயிலில் போகிற எவரும் அந்தச் சந்திப்பைத் தாண்டாமல் போக முடியாது. 1999 ஜனவரி 11 அன்று அதன் அருகே ஓர் ஆவ்ரோ விமானம் விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். பெங்களூரு விஞ்ஞானிகளும் விமானப்படையினரும் அதில் இருந்தார்கள். நம் நாடு சொந்தமாக வான் ரேடார் செய்து பார்த்த முதல் முயற்சி அது. முதுகில் பெரிய தட்டுபோல் பொருத்தியிருந்த ரேடார் குவிமாடம் பறக்கும்போதே பிய்த்துக்கொண்டு போனது. திட்டம் அத்துடன் நின்றது. பிறகு பிரேசிலின் எம்ப்ரேயர் விமானத்தின் முதுகில் பலகைபோல் ரேடாரைப் பொருத்தி, நேத்ரா என்ற பெயரில், அந்த முதல் முயற்சியைச் செய்த பெங்களூரு மையமே மீண்டும் எழுந்தது. 2017 பிப்ரவரியில் எலஹங்காவில் நடந்த விமானக் கண்காட்சியில்தான் முதல் நேத்ரா விமானப்படையிடம் ஒப்படைக்கப்பட்டது. இடையில் பதினெட்டு வருடம். எங்கள் எலெக்ட்ரானிக்ஸ்காரர் இந்த இடம் வரும்போது மட்டும் நடையின் வேகத்தைக் குறைத்துவிடுவார். நான் காரணம் கேட்டதில்லை.

விமானத்தின் பெருமை, அது இடம் மாறும். இன்று பஞ்சாப், நாளை வங்கக் கடல். ஆபத்து வந்தால் ஓடவும் செய்யும். ஆனால் பதிவேட்டைத் திறந்தால் முகம் சுருங்குகிறது. வானிலேயே எரிபொருள் நிரப்பாவிட்டால் நேத்ரா ஐந்தாறு மணி நேரம்தான் மேலே நிற்கும். இரண்டு பக்கமும் சேர்த்து 240 டிகிரியைப் பார்க்கும். மூக்குப் பக்கமும் வால் பக்கமும் குருடு. ஒரே இடத்தை இருபத்துநான்கு மணி நேரமும் காக்க வேண்டும் என்றால், போய்ச்சேரும் நேரம், பராமரிப்பு, விமானிகளின் ஓய்வு எல்லாம் போக, குறைந்தது நான்கு விமானங்களையாவது சுழற்சியில் வைத்திருக்க வேண்டும். நம்மிடம் இருப்பவை? 2009-இல் வரத் தொடங்கிய இஸ்ரேலிய ரேடார் பொருத்திய பெரிய இலியூஷின் விமானங்கள் மூன்று, நேத்ராக்கள் சில. இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். ஆகவே அமைதிக் காலத்தில் தினமும் இதை மேலே நிறுத்த முடியாது. நெருக்கடி வரும் என்று தெரிந்தால்தான் கிளம்பும். எதிரி சொல்லிவிட்டு வருவான் என்ற நம்பிக்கையில் அமைந்த ஏற்பாடு அது.

இனி பலூன். கேட்பதற்குப் பொம்மை மாதிரி இருந்தாலும் இது பழைய தொழில். 1794-இலேயே ஃபிளூருஸ் போரில் பிரெஞ்சுக்காரர்கள் கயிறு கட்டிய பலூனில் ஆளை ஏற்றி எதிரிப் படையை வேவு பார்த்தார்கள். இன்றைய பலூன் எழுபது மீட்டர் நீளத்துக்குக்கூட இருக்கும். ஜம்போ விமானத்தின் நீளம். திமிங்கிலம்போல் உடலும் வாலில் துடுப்புகளும். மேல்பகுதியில் ஹீலியம், அடியில் தனிப் பையில் சாதாரணக் காற்று. உயரம் ஏறினால் ஹீலியம் விரியும், காற்றை வெளியே தள்ளும். இறங்கினால் விசிறி காற்றை உள்ளே அடைத்து உருவம் குலையாமல் பார்த்துக்கொள்ளும். கயிறு என்று நாம் சொல்வது வெறும் கயிறு அல்ல. இழுவையைத் தாங்கும் செயற்கை இழை, மின்சாரம் போகும் செம்பு, தகவல் இறங்கும் ஒளியிழை, மின்னலைத் தரைக்குக் கடத்தும் உறை, எல்லாம் ஒரே கேபிளில். கீழே ஒரு நங்கூர மேடை. காற்று திரும்பும் பக்கமெல்லாம் அதுவும் திரும்பும்.

எவ்வளவு தூக்கும்? தரைமட்டத்தில் ஒரு கன மீட்டர் ஹீலியம் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும். உயரத்தில் அதில் முக்கால் பங்குகூட மிஞ்சாமல் போகலாம். அமெரிக்கா தன் தெற்கு எல்லையில் நிறுத்தியிருக்கும் பெரிய பலூன் சுமார் 12,000 கன மீட்டர் கொள்ளளவு. ஆனால் அது தூக்கிச்செல்லும் ரேடாரின் எடை சுமார் ஒரு டன்தான். மிச்சம் எங்கே போயிற்று என்றால், பலூனின் சொந்தத் துணியும் கீழே தொங்கும் கேபிளும் தின்றுவிடுகின்றன. நடுத்தரக் குடும்பத்துச் சம்பளம் மாதிரி.

மேலே ஏறிவிட்டால் வாரக்கணக்கில் நிற்கும், விமானி வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். 1990 ஆகஸ்ட்டில் இராக் படைகள் எல்லையைத் தாண்டி வந்தபோது குவைத்தில் அதை முதலில் பார்த்தவற்றில் ஒன்று பலூன் ரேடார். ஃபுளோரிடாவின் தீவுகளில் 1980 முதல் ஒன்று நிற்கிறது. போதைப்பொருள் கடத்தும் சிறு விமானங்களைப் பிடிக்க. நம் விமானப்படையும் இஸ்ரேலிடம் இருந்து பலூன் ரேடார்களை வாங்கியது. போலந்து 2024 மே மாதம் நான்கு பலூன்களுக்கு 96 கோடி டாலர் அளவில் ஒப்பந்தம் போட்டது. பக்கத்து நாட்டுப் போரைப் பார்த்துக்கொண்டே எடுத்த முடிவு அது.

இதுவரை படித்தால் பலூனுக்கே கையெழுத்துப் போடத் தோன்றும். பேனாவை மூடி வையுங்கள்.

அமெரிக்கத் தரைப்படை வாஷிங்டனைக் காக்க ஜேலென்ஸ் என்று ஓர் இரட்டைப் பலூன் திட்டம் வைத்திருந்தது. ஒன்று சுற்றிலும் தேடும். மற்றது குறிவைத்துக் கொடுக்கும். செலவு 270 கோடி டாலர் அளவுக்குப் போனது. 2015 ஏப்ரலில் ஒரு தபால்காரர் சிறிய கைரோகாப்டரில் பறந்துவந்து நாடாளுமன்றப் புல்வெளியிலேயே இறங்கினார். தாழவும் மெதுவாகவும் வருவதைப் பார்க்கத்தானே பலூன்? அன்று பலூன் இயக்கத்தில் இல்லை. அதே வருடம் அக்டோபர் 28 அன்று இரண்டில் ஒன்று கேபிளை அறுத்துக்கொண்டு கிளம்பியது. இரண்டு கி.மீ. நீளக் கேபிளை இழுத்துக்கொண்டு மேரிலாந்தில் இருந்து பென்சில்வேனியா வரை போய், வழியில் மின்கம்பிகளை அறுத்து ஆயிரக்கணக்கான வீடுகளை இருட்டாக்கியது. இரண்டு எஃப்-16 விமானங்கள் அதைப் பின்தொடர்ந்து பறந்தன. கடைசியில் மரங்களில் சிக்கியதைத் துப்பாக்கியால் சுட்டுத்தான் காற்றிறக்கினார்கள். விசாரணையில் தெரிந்தது இது: காற்றழுத்தம் அளக்கும் சிறு குழாய் ஒன்று பழுதாகி வால் துடுப்புகளில் அழுத்தம் குறைந்தது, பலூன் திரும்பிக்கொண்டது, கேபிள் தாங்கவில்லை. அறுந்தால் தானாகக் காற்றிறக்கும் கருவி ஒன்றும் அதில் இருந்தது. அதற்குப் பேட்டரி போடவில்லை.

முப்பது வருடத் தணிக்கையில் எத்தனையோ கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். பெரிய இழப்பு எல்லாவற்றின் அடியிலும் இப்படி ஒரு பேட்டரி கிடைக்கும்.

அதனால் பலூனின் உண்மையான எதிரி ஏவுகணை என்று நான் நினைக்கவில்லை. உள்ளே அழுத்தம் குறைவு என்பதால் சில குண்டுகள் துளைத்தாலும் பலூன் வெடிக்காது, மெதுவாகத்தான் கசியும். தாக்குதல் ஆபத்து இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. 2024 மே மாதம் வடக்கு இஸ்ரேலில் பெரிய பலூன் ரேடார் இருந்த தளத்தையே ஹிஸ்புல்லாவின் ட்ரோன் வந்து தாக்கியது. நகராத பொருளுக்கு முகவரி உண்டு, அவ்வளவுதான். ஆனால் அதிக நாள் விடுப்பு எடுக்கவைப்பது வானிலை. பலத்த காற்று, இடி, மின்னல் வரும் என்றால் முன்கூட்டியே இறக்கிவிட வேண்டும். இறக்குவது பட்டத்தைச் சுருட்டும் வேலை அல்ல. வின்ச் மெதுவாகச் சுற்ற, கீழே ஒரு குழு பிடித்துக் கட்ட, நேரம் ஆகும். ஆகவே சந்தேகம் வந்தாலே இறக்குவார்கள்.

இங்கேதான் நண்பர் எலெக்ட்ரானிக்ஸ்காரருக்கும் எனக்கும் உண்மையான கருத்து வேறுபாடு. "புயல் வந்தால் பலூன் இல்லை, அந்த நேரம் பார்த்து எதிரி வருவான்" என்றார் அவர். "சார், பலூன் பறக்க முடியாத காற்றில் உங்கள் ட்ரோன் எப்படி வரும்?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் நடந்தார். "ட்ரோன் வராது. க்ரூஸ் ஏவுகணை வரும்" என்றார். இருவருமே சரி என்பதால் விடையை ஊர்வாரியாகத்தான் தேட வேண்டியிருக்கிறது.

பெங்களூரையே எடுத்துக்கொள்வோம். ராணுவத் தொழிற்சாலைகளும் ஆய்வகங்களும் நிறைந்த ஊர், காக்க வேண்டியதுதான். ஆனால் இங்கே பலூன் வேண்டவே வேண்டாம். தேவனஹள்ளியில் பயணிகள் விமான நிலையம், எலஹங்காவில் விமானப்படைத் தளம், ஊருக்கு நடுவே பழைய எச்.ஏ.எல். ஓடுபாதை, ஜக்கூரில் பயிற்சி விமானங்கள். இதற்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கேபிளை மூன்று கி.மீ. உயரத்துக்கு நிறுத்துவதா? 2007-இல் ஃபுளோரிடா பலூனின் கேபிளில் ஒரு செஸ்னா விமானம் மோதி அதில் இருந்த மூவரும் இறந்தார்கள். மேலும், ஏப்ரல், மே மாதங்களில் மாலை நான்கு மணிக்கு இந்த ஊரில் எழும் இடிமழையைப் பார்த்தவர்கள் பலூனை நிறுத்த நினைக்கமாட்டார்கள். இன்னொரு சங்கடமும் உண்டு. மேலிருந்து கீழே பார்க்கும் ரேடாருக்குத் தரையில் ஓடுவதெல்லாம் தெரியும். நகரும் வேகத்தை வைத்துத்தான் அது எதையும் பிரித்தறிகிறது. மணிக்கு எண்பது கி.மீட்டரில் வரும் ட்ரோனையும் ஓசூர் சாலையில் அதே வேகத்தில் போகும் பஸ்ஸையும் பிரிப்பது லேசான வேலை அல்ல. சில்க் போர்டு சந்திப்பில் மட்டும் குழப்பம் வராது. அங்கே எதுவும் நகர்வதில்லை. எல்லையில் இருந்து இவ்வளவு உள்ளே இருக்கும் ஊருக்குச் சுற்றிலும் தரை ரேடார், கிடைக்கும் குன்றில் ஒன்று, முக்கிய வளாகங்களைச் சுற்றிக் குறுந்தூர ட்ரோன் ரேடார்கள் போதும்.

மேற்குப் பாலைவனத்துக்கும் கட்ச் பகுதிக்கும் நான் பலூனுக்கே வாக்களிப்பேன். குன்று இல்லை, வான்வழி நெரிசல் குறைவு, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். கோடையில் புழுதிப் புயல் வரும் நாட்களுக்கு விமானத்தை எடுங்கள், அதற்குத்தான் விமானம். பலூன் தினசரிக் காவலைப் பார்த்துக்கொண்டால், விமானங்களின் பறக்கும் நேரம் நெருக்கடிக்கு மிச்சமாகும்.

தமிழகக் கடலோரத்தில்தான் எனக்கு மனம் இரண்டாகிறது. 2007 மார்ச் 26 அன்று விடுதலைப் புலிகளின் சிறிய விமானம் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தில் குண்டு வீசியபோது, தாழவும் மெதுவாகவும் இரவில் வரும் பொருளைப் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பாக் நீரிணையின் இரு கரைக்கும் தெரிந்தது. கோடியக்கரைப் பக்கம் ஒரு பலூன் நின்றால் மீன்பிடிப் படகு முதல் தாழப் பறக்கும் விமானம் வரை தெரியும். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் கரை ஏறியதும் அதே வேதாரண்யம் பக்கம்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே பலூன் நங்கூர மேடையில் கட்டுண்டு கிடக்கும், கட்டியிருப்பதே கிழியக்கூடும். இங்கே பெரிய இறக்குமதிப் பலூன் வேண்டாம் என்பது என் கருத்து. முதல் கிலோமீட்டரின் கணக்கை இங்கேதான் பயன்படுத்த வேண்டும். ஆக்ராவில் உள்ள டி.ஆர்.டி.ஓ. கூடம் 2,000 கன மீட்டர் அளவில் ஆகாஷ்தீப் என்ற பலூனை உருவாக்கிச் சோதித்திருக்கிறது, ஒரு கி.மீ. உயரத்துக்கானது. அவ்வளவு உயரம் போனாலே 100 மீட்டரில் பறப்பதை 170 கி.மீ. வரை பார்க்க வழி திறக்கிறது. கனமான ரேடாரை அது தூக்காது என்பது உண்மை. ஆனால் இரண்டு மூன்று சிறியவற்றைக் கடலோரமாக நிறுத்தினால், மழைக்காலத்தில் அவிழ்த்துக் கிடங்கில் வைக்கலாம். ஒன்று கிழிந்தாலும் கரை முழுவதும் குருடாகாது.

அதே ஆக்ரா கூடம் செய்த காற்றுக்கப்பல் ஒன்று 2025 மே 3 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷியோபூரில் இருந்து கயிறே இல்லாமல் 17 கி.மீ. உயரத்துக்கு ஏறி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்தது. புயலுக்கும் மேலே நின்றுவிடும் என்ற ஆசை அதில் இருக்கிறது. ஒரு மணி நேர வருகையை வைத்து நான் பதிவேடு தொடங்குவதில்லை. அடுத்த தணிக்கையில் பார்ப்போம்.

ஹீலியத்தை மறந்துவிட்டேன். நமக்கு வேண்டிய ஹீலியத்தில் பெரும்பகுதி கத்தார், அமெரிக்கா போன்ற வெளிநாடுகளில் இருந்து கப்பலில் வருகிறது. பலூன் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும், அவ்வப்போது நிரப்ப வேண்டும். ஹைட்ரஜன் மலிவு, ஆனால் தீப்பிடிக்கும். போர் மூண்டு கப்பல் வராமல் போனால் எத்தனை மாதத்துக்குக் கையிருப்பு உண்டு என்ற கேள்விக்குக் கோப்பில் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

போன வாரம் இதையெல்லாம் ஏரிக்கரையில் வாசித்துக் காட்டினேன். "எத்தனை பலூன் எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார் எலெக்ட்ரானிக்ஸ்காரர். மேற்கில் இரண்டு இடம், அதனால் இரண்டு என்றேன். "நான்கு என்று திருத்துங்கள். ஒன்று மேலே, ஒன்று தையல் போட. கேபிளும் இரட்டை." திருத்திவிட்டேன். பேட்டரிக்கு ஒரு தனி வரி சேர்த்ததை அவர் கவனித்தார்; ஒன்றும் சொல்லவில்லை.